அன்புக்குச் சேமநிதி இல்லை

கிள்ளானை அடுத்த பண்டமாரானில் ஓர் இல்லத்தரசி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டால், அதை வேலையில் நேர்ந்த விபத்தைப் போலவே பார்க்கும் சட்டம் மலேசியாவில் இருக்கிறது. 838-ஆவது சட்டம், இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்புச் சட்டம். அதை நடத்துவது சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். 2022 டிசம்பர் 1-இல் நடப்புக்கு வந்தது. அதே பெண் எங்கேயும் விழாமல், எதையும் உடைத்துக்கொள்ளாமல், 25 ஆண்டுகள் சமைத்து, துவைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரைத் திருப்பிப் படுக்க வைத்து, 55 வயதை எட்டினால், ஓய்வுக்காலக் கணக்கில் அந்த 25 ஆண்டுகளுக்கு எதுவும் இல்லை.

இந்தக் கட்டுரை அந்த இடைவெளியைப் பற்றியது. அரசு இல்லத்தரசிகளை அங்கீகரித்துவிட்டது என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அங்கீகாரம் உண்மைதான். ஆனால் அது எதை அங்கீகரிக்கிறது, எதுவரை, எவ்வளவுக்கு என்று திட்டத்தின் பாரத்தைப் புரட்டிப் பார்க்காமல், ‘அம்மாவுக்கும் சொக்சோ இருக்கிறது’ என்று ஒரு குடும்பம் நிம்மதியாக இருந்துவிட்டால், அதன் விலையை அந்த அம்மா அறுபது வயதுக்கு மேல் தனியாகக் கட்டுவார்.

பண்டமாரான் அவசரகாலத்தில் உருவான புதுக்கிராமம். சீனக் குடும்பங்கள் மிகுந்த ஊர். சுற்றியுள்ள தாமான்களில் தமிழ்க் குடும்பங்கள் பல, துறைமுகத்தையும் கொள்கலன் லோரிகளையும் கிடங்குகளையும் நம்பி வாழ்கின்றன. துறைமுக வேலைக்கு இரவும் பகலும் ஒன்று. ஆறு மாதக் குழந்தை இருக்கும் வீட்டில் அப்பா இரவு ஷிப்டுக்குப் போகிறார் என்றால், யாரோ ஒருவர் வீட்டிலேயே இருந்தாக வேண்டும். அந்த ஒருவர் இருப்பதால்தான் ஷிப்டு நடக்கிறது, கொள்கலன் நகர்கிறது. துறைமுகத்தின் கணக்குப் புத்தகத்தில் அவருக்கு இடமில்லை.

இந்த நிலை நம் பாட்டிமார் காலத்தில் இப்படி இல்லை என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். தோட்டத்தில் பெண்ணும் பால் மரம் வெட்டினாள். விடியுமுன் குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போனாள். கூலி குறைவு, லயத்து வீடு, வாழ்க்கை கொடுமையானது. அதை அழகுபடுத்திச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் அவள் பெயர் செக்ரோல் என்ற தோட்டத்துப் பதிவேட்டில் இருந்தது. ஊழியர் சேமநிதி 1951-இல் தொடங்கியது; தோட்டத் தொழிலாளியும் அதில் உறுப்பினர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, குடும்பங்கள் கிள்ளானுக்கும் சுற்றுப்புறத்துக்கும் வந்து சேர்ந்தன. ஆயாக் கொட்டகை கூடவே வரவில்லை. பால் வெட்டியவளின் மகள் தாமான் வீட்டில் பிள்ளை வளர்க்க உட்கார்ந்தாள். தாய்க்கு ஒரு சேமநிதி எண் இருந்தது, மகளுக்கு இல்லை. முன்னேற்றம் என்று நாம் நினைத்த ஒரு தலைமுறை மாற்றத்தில், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பின்னால் போயிருக்கிறோம்.

நாடு முழுவதையும் பார்த்தாலும் படம் மாறவில்லை. வேலை செய்யும் வயதிலுள்ள ஆண்களில் 100-க்கு ஏறக்குறைய 83 பேர் தொழிலாளர் சந்தையில் இருக்கிறார்கள். பெண்களில் 56 பேர். பெண்கள் வெளியே நிற்பதற்குப் பெரிய காரணம் வீட்டு வேலையும் குடும்பப் பொறுப்பும் என்று புள்ளிவிவரத் துறையே தன் தொழிலாளர் அறிக்கைகளில் சொல்லி வருகிறது. 2023 ஜனவரி 1 முதல் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது; அப்பாவுக்கு 7 நாள் கிடைத்தது. நல்ல மாற்றம். 99-ஆவது நாள் காலையில் குழந்தையை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் பதில் இல்லை. பதில் சொல்வது பாட்டி, அல்லது தாயின் ராஜினாமா கடிதம்.

இனி, இருக்கும் திட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் சொக்சோ. அந்த நிறுவனம் 1971-இல் தொடங்கியது. இல்லத்தரசியை உள்ளே சேர்க்க 51 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. சந்தா ஆண்டுக்கு 120 வெள்ளி. முன்கூட்டியே கட்ட வேண்டும். 12 மாதங்களுக்குச் செல்லும். வீட்டு வேலையில் நேரும் விபத்து, உழைக்க முடியாதபடி செய்துவிடும் நோய், மரணம் ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு. மருத்துவச் செலவு, நிரந்தர ஊனத்துக்கு இழப்பீடு, டயாலிசிஸ் வசதி, மறுவாழ்வுச் சிகிச்சை, ஈமச்சடங்கு உதவி, குடும்பத்தாருக்கு ஓய்வூதியம் என்று பட்டியல் நீள்கிறது. 120 வெள்ளிக்கு இது பெரிய பாதுகாப்பு. இதுவரை சேராத குடும்பம் இந்த மாதமே சேர வேண்டும். நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் நம் வீடுகளில் எவ்வளவு சகஜம் என்பதை நினைத்தால், டயாலிசிஸ் என்ற அந்த ஒரு சொல்லே போதும்.

ஆனால் ஒரு சாலை வரியைப் போல, ஆண்டு முடிந்தால் அதுவும் முடிகிறது. வேலைக்குப் போகிறவருக்குச் சம்பளத்திலேயே பிடித்து முதலாளி கட்டிவிடுகிறார், மறந்துபோக வழியில்லை. இல்லத்தரசிக்கு நினைவூட்ட ஒரு சம்பளச் சீட்டு இல்லை. ஏழைக் குடும்பப் பெண்களுக்கு வேறு யாரோ முதல் சந்தாவைக் கட்டி, புகைப்படமும் எடுத்துக்கொண்ட பிறகு, இரண்டாவது ஆண்டை யார் கட்டுவது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. சந்தா முடிந்த மறுநாள் நேரும் விபத்து, சட்டத்தின் கண்ணில் வெறும் வழுக்கல். இப்போதே எழுந்து போய் ரசீதில் முடிவுத் தேதியைப் பாருங்கள்.

இன்னொன்று, இந்தத் திட்டம் பெண்களுக்கு மட்டும். வயது 18-க்கு மேல், 55-க்குள். மனைவி தாதியாகவோ ஆசிரியையாகவோ வேலைக்குப் போக, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கும் அப்பாக்கள் எண்ணிக்கையில் குறைவாக இருக்கலாம். ஆனால் அடுப்பில் எண்ணெய் தெறிப்பது ஆண் பெண் பார்த்து இல்லை. அதைவிடப் பெரிய விடுபடல் 55 என்ற எல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் பகல் நேரத்தில் குழந்தை வளர்க்கும் கைகளில் பாதி, பாட்டிகளுடைய கைகள் என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். மகளும் மருமகனும் வேலைக்குப் போக, 58 வயதில் மறுபடியும் பால் புட்டி கழுவும் அந்தப் பெண்ணுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. வயதாக ஆக விழுவதற்கான வாய்ப்பு கூடுகிறது. பாதுகாப்பு அந்த வயதில் நின்றுவிடுகிறது.

அடுத்தது சேமநிதி. இங்கே வரலாறு கொஞ்சம் நீளமானது, வாக்குறுதிகளின் வரலாறு. 2013 பொதுத் தேர்தலில் பக்காத்தான் ராக்யாட் கூட்டணி ‘சாவானிஸ்’ என்ற பெயரில் இல்லத்தரசிகளுக்கான நிதியை முன்வைத்தது: கணவர் தன் பங்கைக் கட்டுவார், அரசு மாதம் 50 வெள்ளி சேர்க்கும். அவர்கள் ஆட்சிக்கு வரவில்லை. 2018-இல் பக்காத்தான் ஹராப்பான் இல்லத்தரசிகளுக்குச் சேமநிதி என்று மறுபடி வாக்களித்தது, ஆட்சிக்கும் வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 15-இல் ஐ-சூரி என்ற அந்தத் திட்டம் தொடங்கியது. பெண் மாதம் 5 வெள்ளி கட்டினால் அரசு 40 வெள்ளி சேர்க்கும். அனைவருக்கும் அல்ல, அரசின் வறுமைத் தரவுத்தளமான இ-காசேயில் பதிந்த குடும்பங்களுக்கு. பின்னர் கணக்கு மாறியது. கட்டும் தொகையில் பாதியை அரசு தரும்; ஆண்டுக்கு 300 வெள்ளி வரை, வாழ்நாள் முழுவதற்கும் 3,000 வெள்ளி வரை.

தாராளமாக இருந்த முதல் கணக்கையே எடுத்துக்கொண்டு போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்குப் பெண்ணின் பங்கு 60, அரசின் பங்கு 480, ஆக 540 வெள்ளி. திட்டம் மாறாமல் 20 ஆண்டுகள் ஓடி, ஆண்டுதோறும் 6 விழுக்காடு இலாப ஈவும் கிடைத்திருந்தால், கடைசியில் சேர்வது ஏறக்குறைய 20,000 வெள்ளி. அதை அடுத்த 20 ஆண்டுகளுக்குப் பிரித்தால் மாதம் 83 வெள்ளி. 55 வயதில் ஒருவர் கையில் குறைந்தது 240,000 வெள்ளி இருக்க வேண்டும், அப்போதுதான் 20 ஆண்டுகளுக்கு மாதம் 1,000 வெள்ளி வரும் என்று 2019-இல் அடிப்படைச் சேமிப்பை நிர்ணயித்தது அதே சேமநிதி வாரியம்தான். பன்னிரண்டில் ஒரு பங்கு. அதுவும் எல்லாம் சரியாக நடந்திருந்தால்.

இப்போது அதே தெருவில் ஒரு குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்யும் பெண்ணைப் பார்ப்போம். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அவர் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13 விழுக்காடு. மாதம் 408 வெள்ளி சேமநிதிக்குப் போகிறது. 20 ஆண்டுகளில், இலாப ஈவு சேர்க்காமலே, 97,920 வெள்ளி. அடுத்த வீட்டுக் குழந்தைக்குச் சோறு ஊட்டினால் மாதம் 408. தன் குழந்தைக்கு ஊட்டினால், தாராளமாக இருந்த அந்த முதல் கணக்கில்கூட 45, அதுவும் ஏழை என்று பதிவு இருந்தால்.

பதிவு இல்லாதவர்கள்தான் பண்டமாரானில் அதிகம் என்று நினைக்கிறேன். கணவர் லோரி ஓட்டி, ஓ.டி.யும் சேர்த்து மாதம் 3,500 கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2022 கணக்கெடுப்பின்படி நாட்டின் வறுமைக் கோடு 2,589 வெள்ளி. அந்தக் குடும்பம் கோட்டுக்கு மேலே. வாடகை, வண்டித் தவணை, மூன்று பிள்ளைகளின் பள்ளிச் செலவு போக மிச்சம் எதுவும் இல்லை என்பது கோட்டுக்குத் தெரியாது. மறுபக்கம், வேலைக்குப் போகாத மனைவிக்காக வருமான வரியில் 4,000 வெள்ளிக் கழிவு இருக்கிறது. வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிப்பவருக்கு அது உதவும். கழிவு கணவரின் கணக்கில் விழுகிறது, மனைவியின் கணக்கில் இல்லை. வேலையை விட்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வீட்டில் இருந்து மீண்டும் வேலைக்குத் திரும்பும் பெண்களுக்கு ஓராண்டு வரி விலக்கு உண்டு. அதுவும் வரி கட்டும் சம்பளத்துக்குத் திரும்புகிறவர்களுக்கே பயன். ஏழைக்கு ஒரு திட்டம், வசதியானவருக்கு ஒரு கழிவு. நடுவில் இருக்கிற வீடு இரண்டிலும் சேராது.

நடுவில் இருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. அதைச் சொல்லாமல் போவது தவறு. வீட்டிலிருந்தே முறுக்கு சுட்டு விற்பவர், பூக் கட்டித் தருபவர், ரவிக்கை தைப்பவர் எல்லாம் சொந்தத் தொழில் செய்பவர்கள். அவர்கள் ஐ-சாராஆன் திட்டத்தில் பதியலாம். கட்டுவதில் 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை அரசு சேர்க்கிறது. ‘இதெல்லாம் ஒரு தொழிலா’ என்று நம் பெண்களே வெட்கப்படுகிறார்கள். வெட்கம் வேண்டாம்.

சிலாங்கூர் மாநிலத்துக்கு வருகிறேன். 2017-இல் மாநில அரசு ‘காசே இபு’ என்ற திட்டத்தைக் கொண்டு வந்தது. குறைந்த வருமானக் குடும்பத்துத் தாய்மாருக்கு மாதம் 200 வெள்ளி, மளிகைப் பொருள் வாங்க. 2022-இல் அது பிங்காஸ் என்ற திட்டத்துக்குள் கரைந்தது. தொகை 300 வெள்ளியாக உயர்ந்தது. தொகை கூடியது நல்லதே. தாய் என்ற பெயர் திட்டத்தின் தலைப்பிலிருந்து போனதைப் பற்றி யாரும் பேசவில்லை. குடும்பத்துக்கான உதவி என்பதும் தாய்க்கான தொகை என்பதும் ஒன்றல்ல.

பெயர்களைச் சேர்த்துப் படிக்கும்போது ஒன்று கண்ணில் படுகிறது. காசே இபு, தாயன்பு. இ-காசே. சொக்சோவின் இல்லத்தரசிகள் திட்டத்துக்கு இப்போது லிண்டுங் காசே என்று பெயர். எல்லாம் அன்பு. அன்பாகச் செய்கிற வேலைக்கு நன்றி சொல்லலாம், உதவி தரலாம், நிதி நெருக்கடி வந்தால் நிறுத்தியும் விடலாம். உழைப்பு என்று பெயர் வைத்தால் ஊதியம் என்ற கேள்வி வரும், நிலுவை என்ற சொல் வரும். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15-இல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய திட்டத்துக்கு ‘மகளிர் உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்தார்கள். மாதம் 1,000 ரூபாய், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகிறது. அங்கேயும் ஆண்டு வருமானம் 2.5 இலட்சம் ரூபாய்க்குள் என்ற வரம்பு உண்டு. உரிமைக்கு வருமான வரம்பு எப்படிப் பொருந்தும் என்று கேட்பவர்கள் சரியாகத்தான் கேட்கிறார்கள். ஆனாலும் அந்தச் சொல் வந்துவிட்டது. உதவி கேட்பதற்கும் உரிமை கேட்பதற்கும் குரல் வேறு.

மலேசியாவில் சொத்து என்று வரும்போது சட்டம் ஒரே ஓர் இடத்தில் வீட்டு வேலையை நேராகப் பெயர் சொல்லி மதிக்கிறது: மணவிலக்கு நீதிமன்றத்தில். முஸ்லிம் அல்லாதோருக்கான 1976 திருமணம், மணவிலக்குச் சட்டத்தின் 76-ஆவது பிரிவு முன்பு, யார் உழைப்பில் சொத்து வந்ததோ அவருக்குப் பெரும் பங்கு என்றது. 2017-இல் திருத்தப்பட்டு, 2018 டிசம்பர் 15 முதல், வீட்டையும் குடும்பத்தையும் பார்த்துக்கொண்டவரின் பங்களிப்பையும் எடைபோட்டு நீதிமன்றம் சொத்தைப் பிரிக்க வேண்டும். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமியும், கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில் இல்லத்தரசிக்குச் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். மணவாழ்க்கை உடையும்போதுதான் இந்த மதிப்பு கைக்கு வருகிறது என்பது ஒரு துக்கம்.

மலேசியாவில் அதுவும் பதிவு செய்த திருமணத்துக்கே. 1982 மார்ச் 1-க்குப் பிறகு கோயிலில் தாலி கட்டி, ஊர் கூடி விருந்து வைத்து, பதிவிலாகாவுக்குப் போகாமல் விட்ட குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. ‘அப்புறம் பதிந்துகொள்ளலாம்’ என்று தள்ளிப்போட்டு, மூன்று பிள்ளைகள் பிறந்த பிறகும் பதியாதவர்கள் இருக்கிறார்கள். பதியாத திருமணத்தில் மணவிலக்கு மனுவே நிற்காது. மனு இல்லையென்றால் 76-ஆவது பிரிவும் இல்லை. 20 ஆண்டு சமையலை எடைபோடத் தராசு இருக்கிறது, அதன் முன்னால் போய் நிற்க வழி இல்லை.

கணவர் இறந்தால்? உயில் எழுதாமல் இறந்தால், 1958 பங்கீட்டுச் சட்டப்படி, அவருடைய பெற்றோர் உயிருடன் இருந்தால் மனைவிக்கு நான்கில் ஒரு பங்கு. பெற்றோருக்கு நான்கில் ஒன்று, பிள்ளைகளுக்குப் பாதி. வீடு அவர் பெயரில் மட்டும் இருந்தால், தான் 25 ஆண்டு கூட்டிப் பெருக்கிய வீட்டில் அவளுக்குக் கால் பங்கு. சேமநிதியில் அவர் யாரை வாரிசாக நியமித்தாரோ அவருக்கே பணம். கல்யாணத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எழுதிய பெயர் எது என்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? இன்று இரவே கேட்க வேண்டிய கேள்வி அது. சண்டைக்காகக் கேட்பதாக நினைக்க வேண்டியதில்லை. நல்ல கணவர் இதை மனைவி கேட்கும் வரை காத்திருக்க மாட்டார்.

பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்பது நம் சமூகத்தின் பழைய ஓய்வூதியத் திட்டம். மலேசிய இந்தியப் பெண்களின் பிறப்பு விகிதம் இன்று ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய ஒரு குழந்தை என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. ஐந்து பிள்ளைகள் முறை வைத்துப் பார்த்துக்கொண்ட காலம் போய், ஒரே பிள்ளை, அதுவும் சிங்கப்பூரில் இருக்கிற காலம் வந்துகொண்டிருக்கிறது. அந்தப் பிள்ளையைக் குறை சொல்வது தீர்வாகாது.

வேறு நாடுகள் என்ன செய்தன? ஜெர்மனியில் 1992 முதல் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும், வளர்த்தவருடைய ஓய்வூதியக் கணக்கில் மூன்று ஆண்டுகள், சராசரிச் சம்பளத்தில் வேலை செய்ததைப் போல, சேர்க்கப்படுகின்றன. பணம் கையில் தரவில்லை; ஆண்டை எண்ணுகிறார்கள். பிரிட்டன் 1978-இலேயே, பிள்ளை வளர்த்த ஆண்டுகளால் ஓய்வூதியம் குறையாமல் பாதுகாக்கும் ஏற்பாட்டைச் செய்தது. நமக்கு எச்சரிக்கை அங்கேதான் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டுக்கு முன் குழந்தைப் படிக்கு விண்ணப்பித்த பல தாய்மார்கள் தங்கள் தேசியக் காப்பீட்டு எண்ணை எழுதவில்லை. எழுத வேண்டும் என்ற கட்டாயமும் அப்போது இல்லை. வளர்த்த ஆண்டுகள் அவர்கள் கணக்கில் ஏறவே இல்லை. ஓய்வூதியம் பல ஆண்டுகளாகக் குறைவாக வந்துகொண்டிருந்தது. பலர் அது தெரியாமலே இறந்தும் போனார்கள். தவறு வெளியே வந்து, 2023-இல்தான் இலட்சக்கணக்கானோருக்குக் கடிதம் அனுப்பத் தொடங்கினார்கள். ஒரு பாரத்தில் ஓர் எண் விடுபட்டதன் விளைவு அது.

மலேசியாவில் அந்தச் சாக்குக்கு இடமில்லை. இங்கே பிறக்கும் குழந்தையின் பிறப்புப் பத்திரத்தில் தாயின் அடையாள அட்டை எண் இருக்கிறது, தந்தையின் எண்ணும் இருக்கிறது. அந்த எண்ணுக்குச் சேமநிதியில் எந்த மாதம் பணம் வந்தது, எந்த மாதத்திலிருந்து வரவில்லை என்பது வாரியத்தின் கணினியில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வீட்டிலிருந்து பிள்ளை வளர்த்த ஆண்டுகள் அம்மாவுக்கானாலும் அப்பாவுக்கானாலும் தாமாகவே தெரிந்துவிடும். யாரும் வறுமையை நிரூபிக்க வரிசையில் நிற்க வேண்டாம், ஆண்டுதோறும் 120 வெள்ளியை நினைவு வைத்திருக்கவும் வேண்டாம். குழந்தைக்கு ஆறு வயது ஆகும்வரை, குறைந்தபட்சச் சம்பளத்துக்கு முதலாளி கட்டும் 13 விழுக்காட்டை மட்டுமாவது அரசு அந்தக் கணக்கில் போட்டால் மாதம் 221 வெள்ளி. அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன் பண்டமாரான் மக்கள் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் கேட்க வேண்டிய எண் அது.